காற்றைப் பிடித்த கை

6 பிப்ரவரி 1967, திங்கள், காலை 8.40

திரியெஸ்தேயிலிருந்து வந்தவை: பக்கங்கள் 12, ஆட்கள் 31, நான் நிரப்ப வேண்டிய வெற்றிடங்கள் 19.

'ஏஜென்ட் ரூகா' படக்கதையில் ஆட்களை பிரெஸ்ஸான் அங்கே வரைகிறார். இயந்திரங்களை நான் இங்கே மிலானில். இரண்டு வருடமாயிற்று, ஆளைப் பார்த்ததில்லை. பேச்செல்லாம் பக்க ஓரத்தில், வெளிர்நீலப் பென்சிலில். அச்சகக் காமிராவுக்கு அந்த நீலம் தெரியாது, அச்சில் வராது.

இன்று எழுதியிருந்தார்: "இஞ்சினியரே, நீ போட்ட குழாயில ரூகா தொப்பி மாட்டிக்கிச்சு. ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிட்ட?"

ரிசோட்டோ என்று எழுதினேன். தனியாக என்று எழுதவில்லை.

9 பிப்ரவரி

கடைசிப் பக்கம். உலகத்து மழையையெல்லாம் பூட்டிவைத்து அரசாங்கங்களை மண்டியிட வைக்கும் பரோன் நெம்போ இங்கேதான் தோற்கிறான். ரூகா நெம்புகோலை இழுக்க வேண்டும். கை இடப்பக்கம் நீள்கிறது. நெம்புகோல் வலப்பக்கம்! மூன்று இதழாக அங்கேதான் இருக்கிறது. அதை எப்படி மாற்றுவது? அழுத்தக் கலன் அந்தப் பக்கமல்லவா?

நீலப் பென்சில் தீர்ந்துவிட்டது. எரிச்சலில் மைப்பேனாவால் கைக்குப் பக்கத்திலேயே, படத்துக்குள்ளேயே எழுதினேன்: "மாஸ்டரே, இந்தக் கை எதைப் பிடிக்கிறது? காற்றையா? தூங்கிக்கொண்டே வரைந்தீர்களா?" பக்கம் எப்படியும் அவர் பார்வைக்குப் போய்த் திரும்பி வரும். அப்போது வெள்ளை மை பூசிக்கொள்ளலாம்.

20 பிப்ரவரி

பத்திரிகைக் கடைக்காரி எர்சிலியா, தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். "வாய்யா இஞ்சினியரு! உங்க ரூகா தூங்கிக்கிட்டே உலகத்தைக் காப்பாத்திட்டானாமே!"

இதழைப் பிரித்தேன். என் கையெழுத்து. அச்சாகியிருக்கிறது.

ஆசிரியர் கவாட்ஸி கத்தினார்: "நேரமில்லன்னு திருப்பி அனுப்பாம நேரா அச்சுக்குக் குடுத்தேன். படத்துக்குள்ள பேனாவால எழுதுவான்னு எவன்யா நினைப்பான்? முப்பது வருஷமா வரையற மனுஷன். ஊரே அவரைப் பாத்து சிரிக்குது."

நான் சொன்னேன், கை தப்புதான் என்று. ஏன் சொன்னேன்? அந்த நேரத்தில் அது யாருக்கு வேண்டும்?

23 பிப்ரவரி

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் 'மன்னிக்கவும்' என்ற சொல்லுக்கு அடுத்து 'ஆனால்' வருகிறது.

26 பிப்ரவரி, ஞாயிறு

ரொட்டியும் சலாமியும். யாரும் கேட்கவில்லை.

3 மார்ச், வெள்ளி

புதிய கதை. பக்கங்கள் வந்துவிட்டன. ஆட்கள் அச்சு அசலாக நிற்கிறார்கள், வெற்றிடங்களும் இருக்கின்றன. ஓரம்தான் இல்லை. கட்டத்தின் கோடு வரைக்கும் நான்கு பக்கமும் பிளேடால் நறுக்கியிருக்கிறார். ஒரு எழுத்து எழுத இடமில்லை.

கவாட்ஸி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இதோட அவர் நிறுத்திக்கறார். அடுத்த மாசம் வேற ஆள். நல்லா வரையறான், பேசவே மாட்டான். உனக்கு வசதிதானே?"

வசதியாம்.

செய்ய வேண்டியவை:

1. கவாட்ஸியிடம் பிரெஸ்ஸானின் முகவரி வாங்குவது. தராவிட்டால் உறையிலிருந்து குறித்துக்கொள்வது.
2. நாளை காலை 7.05 ரயில், திரியெஸ்தே.
3. கதவு திறந்தால் முதலில் மன்னிப்பு. 'ஆனால்' கிடையாது.
4. திறக்காவிட்டால் படியில் உட்காருவது. கடைசி ரயில் போனால் போகட்டும்.
5. கை தப்புதான். அவரே கேட்டாலும் சொல்லக் கூடாது.