கேட்கவும் கூடாது

1976 ஏப்ரல் 26, திங்கள்

வெயில் தாங்கவில்லை. நூல் அறுந்து அறுந்து போகிறது என்று கொழுந்தனார் தறியை விட்டு எழுந்து போய்விட்டார். மண்ணெண்ணெய் தீர்ந்தது. ரேஷன் கடை நாளைக்கு.

வக்கீல் வீட்டுக்குப் போய் வந்தேன். இவரை, என் வீட்டுக்காரரை, போலீஸ் பிடித்துப் போய் மூன்று மாதம் ஆகப் போகிறது. சென்னை மந்திரிசபையை டெல்லி கலைத்த வாரம். தெருமுனையில் கட்சிக்கொடி ஏற்றினவர், அதைத் தவிர வேறு காரணம் தெரியாது. எழுதியும் தரவில்லை. என் பெயரில் ஐகோர்ட்டில் போட்ட மனு அப்படியே கிடக்கிறது.

“டெல்லி பெரிய கோர்ட்டுல இதே கேசு நடக்குதும்மா. பல ஐகோர்ட்டுக நம்ம பக்கம் சொல்லிருச்சு. ஆனா கடைசியா அவுக சொல்றதுதான் எல்லாருக்கும் சட்டம். பொறுங்க.”

மனுவுக்குப் பெயர் ஆட்கொணர்வு. ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, ஏன் பிடித்தாய் என்று சொல். அவ்வளவுதான் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 29, வியாழன்

அமாவாசை. விரதம். காற்றே இல்லை.

டீக்கடையில் பேப்பர். தீர்ப்பு வந்துவிட்டது.

“ஏலே, சத்தமாப் படிக்காத. உன்னையும் தூக்கிருவாக.”

“தூக்கட்டும். அங்கயாவது நேரத்துக்குச் சோறு.”

என்னைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டார்கள்.

வக்கீல் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். எமர்ஜென்சி இருக்கும்வரை பிடித்தது சரியா தப்பா என்று எந்தக் கோர்ட்டும் விசாரிக்காது. ஐந்து நீதிபதிகள். நாலு பேர் அப்படி. ஒருவர் மட்டும் ஒப்பவில்லையாம்.

“அப்ப விடமாட்டோம்னுட்டாகளா?”

“அப்படியும் சொல்லலம்மா. கேக்கவே கூடாதுன்னுட்டாக.”

சென்னை மந்திரிசபைக்கு மேலே டெல்லி. சென்னைக் கோர்ட்டுக்கு மேலேயும் டெல்லி. பிறகு சென்னையில் எதற்கு இரண்டும்? வாய்விட்டுக் கேட்கவில்லை.

“மனுவைத் திரும்ப வாங்கிரலாம். எதுக்கும் உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.”

மே 4, செவ்வாய்

ஜெயிலுக்கு இரண்டு பஸ் மாறி. கொண்டுபோன முறுக்கை உள்ளே விடவில்லை.

புது வார்டர். நான் வாயைத் திறந்ததும் கம்பியில் தட்டினார். “தெலுங்கெல்லாம் கூடாது. எனக்குப் புரியணும். தமிழ்ல பேசும்மா.”

கல்யாணமாகி இருபது வருஷம். தமிழ் வெளியாட்களோடு, வீட்டில் தெலுங்குதான். இவரிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை. எப்படி ஆரம்பிப்பது? கடைசியில், சேலை வாங்க வந்தவரிடம் கேட்பதுபோல, “சௌக்கியமா இருக்கீகளா?” என்றேன். இவர் சிரித்துவிட்டார். கழுத்தெலும்பு தெரிகிறது.

தீர்ப்பைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“அஞ்சு பேருமா?”

“ஒருத்தர் மட்டும் ஒப்பலையாம்.”

“ஒருத்தர்.” கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு: “மனுவ நீ எடுக்காத. தள்ளுறவுக தள்ளட்டும். நாமளா எடுத்தா, கேட்டதே தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி.”

“அப்ப எப்ப வருவீக?”

வார்டர் மறுபடி கம்பியில் தட்டினார். நேரம் முடிந்துவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே. முறுக்கைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

மே 20, வியாழன்

மேகம் கட்டிக் கலைந்தது. பெரிய மகளுக்குப் பாவாடை தைத்தாயிற்று. புளி வாங்கணும்.

மத்தியானம் வக்கீல் குமாஸ்தா வந்தார். மனு தள்ளுபடி.

“வாசிக்கக்கூட இல்லக்கா. இதே மாதிரி மனுக கட்டுக்கட்டா. மொத்தமாத் தள்ளிட்டாக.”

மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “வாரேன்க்கா” என்று சைக்கிளை எடுத்தார்.

அந்தியில் விளக்கேற்றினேன். இவரைக் கொண்டுவந்து விடு என்று தினமும் சுவாமியிடம் வேண்டுவேன். இன்றும் கைகூப்பி நின்றேன். கேட்காமலே வந்துவிட்டேன்.