மிதவை தூங்கட்டும்

வெல்லிங்டன்,
ஆகஸ்ட் 12

அன்புள்ள லோசாவுக்கு,

ஃபெர்கஸ் எழுதுகிறேன். உன் சொந்த ஊர் ஆபியாவில் நீயும் அம்மாவும் நலம்தானே? அவருடைய மூட்டுவலி குறைந்ததா? இங்கே தெற்குக் காற்று ஆளையே தள்ளுகிறது. நீ விட்டுப்போன குடை இரண்டாம் நாளே பிய்ந்துவிட்டது.

புரோகிராமைக் கெடுத்தவர் பத்து மணித் தேநீருக்குக் கேக் கொண்டுவர வேண்டும் என்பது நம் அலுவலக வழக்கமல்லவா? இப்போது வாராவாரம் நான்தான் கொண்டுபோகிறேன். என் புரோகிராம் ஓயாமல் ஓடுவதால், அலை அளக்கும் மிதவைகளில் மூன்று பேட்டரி தீர்ந்து ஊமையாகிவிட்டன. மீன்பிடிப் படகுகள் பழைய அலைக் கணக்கை நம்பிக் கடலுக்குப் போகின்றன.

யாருக்காவது யோசனை உண்டா என்று கூட்டத்தில் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஹேமி தனியாக வந்து, "கிண்டல் பண்ணிப் பண்ணி எங்க வாயை அடைச்சதே நீதான். இப்ப ஏன் பேசலைன்னு கேக்குற! லோசா அப்பவே வழி சொன்னாளேப்பா" என்றான்.

உன் பழைய குறிப்பைத் தேடிப் படித்தேன். கடல் அமைதியாக இருக்கும்போது மிதவை தூங்கட்டும், அலை உயர்ந்தால் விழிக்கட்டும் என்று எழுதியிருந்தாய். அதன் கீழே, குழு முழுவதும் பார்க்கும் பக்கத்தில், நான்: "மிதவைக்குத் தூக்கம் வேணுமாம்! தாலாட்டையும் நீயே பாடிடு." பதினொரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். நீ எழுதியது ஒரே சொல்: "சரி." அதன்பின் ஏழு மாதம், நான் எது சொன்னாலும் உன்னிடமிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். உன்னைத் திருத்திவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டேன். எவ்வளவு பெரிய மடையன்!

நீ வேலையை விட்டுப் போன கடைசி நாளில், எதையும் கெடுக்காத நீ தேங்காய்ப்பால் பன் சுட்டுக்கொண்டு வந்தாய். நான் மூன்று தின்றேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

உன் யோசனையைச் சோதித்துப் பார்த்தோம். பேட்டரி நான்கு மடங்கு தாங்குகிறது. உன் பெயரில்தான் பதிந்திருக்கிறோம். என் கிண்டலை நான் அழிக்கவில்லை. அதன் கீழேயே, எல்லாரும் படிக்கும்படி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. அலை திடீரென்று எழும்போது மிதவை தாமதமாக விழிக்கிறது. எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. திரும்பி வா என்று கேட்க எனக்கு முகமில்லை. அங்கிருந்தே பார்த்துச் சொன்னால் போதும். என்மேல் கோபம் இருந்தால் அதே பக்கத்தில், எல்லாரும் பார்க்க, என்னை வெளுத்து வாங்கு.

ஆனால் லோசா, இந்தக் கடிதத்துக்கு மட்டும் "சரி" என்று எழுதிவிடாதே.

உன் சொல்லுக்குக் காத்திருக்கும்,
ஃபெர்கஸ்