நாங்கள் என்றால் யார் யார்

9, திங்கள்

இல்லை, கிடைக்கவில்லை. மூன்றாம் வருடமும் அதே பதவி. காலையிலிருந்து புழுக்கம். கல்வராயன் மலைப் பக்கம் மேகம். இங்கே தியாகதுருகத்தில் ஒரு சொட்டு இல்லை.

சீனியர் டெவலப்பர் ஆனது தினேஷ். என் டீம்தான், சென்னை ஆபீஸில் உட்காருகிறவன். சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம் மாதக் கடைசியில் நின்றுபோனபோது கோளாறைக் கண்டுபிடித்தது நான், இதே வீட்டிலிருந்து. சோதித்துப் பார்த்தது ஃபாத்திமா, எங்கள் ஜூனியர். தினேஷ் கான்ஃபரன்ஸ் காலில் இருந்தான். மைக்கை அணைத்துவிட்டு.

மேனேஜர் வித்யா போனில்:

“மலர், உங்க அப்ரைசல் ஃபார்ம் முழுக்க ‘வி டிட்’, ‘வி டிட்’னுதான் இருக்கு. அதே வேலைக்குத் தினேஷ் ஃபார்ம்ல ‘ஐ டிட்’னு தெளிவா இருக்கு. கமிட்டி யாரை நம்பும்?”

“அன்னிக்கு நீங்களும் கால்ல இருந்தீங்களே மேடம்.”

“இருந்தேன். எழுத்துல இருக்கணும்ல? மாத்தி எழுதுங்க. வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள. இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்.”

சாப்பிடப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன்.

10, செவ்வாய்

இந்த வருட வேலையைப் பற்றி நான் எழுதிக்கொடுத்த ஃபார்மை மறுபடி படித்தேன். ‘வி’ பதினான்கு. ‘ஐ’ ஒன்றே ஒன்று, லீவு எடுத்ததைச் சொல்லும் இடத்தில்.

ஒரே பிள்ளை நான். ஆனாலும் வாயில் வருவது எங்க அம்மா, எங்க வூடு. ஃபார்ம் எழுதும்போதும் மனதில் ஓடியது ‘நாங்கள்’தான். நானும் ஃபாத்திமாவும். தினேஷ் அதில் இல்லை. தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்பவன் வெளியே, ‘நாம்’ என்றால் உள்ளே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். கதவைத் திறந்து வைத்தது நானேதான். அவன் செருப்போடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான்.

அம்மா: “இன்னாடி, செவுத்த மொறச்சிக்கினு குந்திருக்க? வேல போயிடுச்சா?”

“போவல. ஏறல.”

“ஏறலன்னா எறங்கி வா. மரவள்ளிக்குக் கள எடுக்க ஆள் கம்மியாருக்கு.”

சிரிப்பு வந்தது. உடனே எரிச்சல்.

12, வியாழன்

நேற்று முழுக்க ஆபீஸ் வேலை, ஃபார்மைத் தொடவில்லை. இன்று மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் கிடையாது. மறந்தே போனேன். லேப்டாப்பில் பதினொரு சதவீதம்.

பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.

“அண்ணா, நாங்க ஒரு ரெண்டு மணி நேரம் ஒக்காந்து வேல பாத்துக்கலாமாங்க? கரண்டு மட்டும் போதும்.”

கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “எத்தினி பேரும்மா? இருக்கறதே ஒரு சேரு.”

“நான் மட்டும்தாங்க.”

“அப்ப நான்னு சொல்லேம்மா. கூட்டமா வந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்.”

முதல் ‘ஐ’ அடிக்கக் கை கூசியது. கல்யாண வீட்டில் கூப்பிடாமலே முதல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. பிறகு பழகிவிட்டது. பதினான்கையும் பிரித்தேன். எட்டு நான். ஆறு ஃபாத்திமா, பெயர் போட்டு. இத்தனை நாள் அவளையும் அந்தச் சொல்லுக்குள் அமுக்கி வைத்திருக்கிறேன். தினேஷ் ஓரிடத்திலும் வரவில்லை. தேடிப் பார்த்தேன், நிஜமாகவே இல்லை.

4.40க்கு அனுப்பினேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு.

13, வெள்ளி

தூறல். வாங்க வேண்டியவை: சார்ஜர் வயர், கொசுவத்தி, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

பத்து மணிக்கு வித்யா. “இப்ப ரொம்பத் தெளிவா இருக்கு மலர். ஆனா ப்ரமோஷன் லிஸ்ட் நேத்து மத்தியானமே மேல போயிடுச்சு.”

“அஞ்சு மணிக்குள்ளன்னு சொன்னீங்க மேடம்.”

“சொன்னேன். எனக்கே அப்புறம்தான் தெரியும். விடுங்க, அடுத்த வருஷம் நாம பாத்துக்கலாம்.”

நாம. எவ்வளவு சுலபமாக என்னையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்.

சரிங்க மேடம் என்று வைத்துவிட்டேன். ஃபாத்திமாவுக்கு அவளுடைய ஆறு வரிகளை மட்டும் தனியாக அனுப்பி, பத்திரமாக வைத்துக்கொள் என்றேன். என் ரெஸ்யூமில் அந்த எட்டு வரிகளையும் சேர்த்தேன். மதியத்துக்குள் இரண்டு கம்பெனிகளுக்கு அனுப்பினேன்.