ட்ரம்பெட் இல்லாமல் போன ஊர்வலம்

மரக்காணம்,
31.5.2005, செவ்வாய்.

அறிவு அப்பாவுக்கு,

உங்கள் மனைவி பாஞ்சாலை எழுதுவது. நானும் பிரியாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று போன இரண்டு கடிதத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டேன், பதில் இல்லை. அதனால் இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில், வாட்ச்மேன் தொப்பி போட்டுக்கொண்டு, ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு, கலெக்டர் மாதிரி இருக்கிறீர்கள் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

ஊரில் இப்போது உங்களை எல்லாரும் பிரியா அப்பா என்றுதான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுத் திரௌபதி என்னிடமே வந்து, "பிரியா அப்பா எப்ப வர்றாரு?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பதினேழு வருஷமாக அறிவு அப்பா என்று கூப்பிட்ட வாய். இனிமேல் மாற்றச் சொன்னால் நாக்கைக் கழற்றி வேறு நாக்குதான் வைக்க வேண்டும். நான் மாற்றவில்லை.

பிரியா பத்தாவது பாஸ். கணக்கில் கொஞ்சம் மார்க் கம்மி, அது உங்கள் பக்கத்து மூளை. மற்ற பாடமெல்லாம் நல்ல மார்க், அது மூணாவது வரைக்கும் படித்த என் மூளை. மேலே படிக்க வேண்டும் என்கிறாள். திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமானால் அப்பா வந்து கையெழுத்துப் போடட்டும் என்கிறாள். நான் போட்டால் போதாதா என்றேன். "போதும். ஆனா அப்பாதான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது கழுதை.

உப்பளத்தில் சுனாமி அலை கொண்டுவந்து கொட்டிய சேற்றையெல்லாம் மாசி மாதத்திலேயே வாரிவிட்டார்கள். பாத்தியைப் புதிதாக மிதித்துக் கெட்டிப்படுத்தி, இப்போது நல்ல உப்பு விளைகிறது. வெயிலும் விளைகிறது. விடிவதற்கு முன்னே போகிறோம், பலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவிக்கிறோம், தலைச்சுமையாகத் தூக்குகிறோம், உச்சி வெயிலுக்கு முன்னே வந்துவிடுகிறோம். என் பாதத்தை நீங்கள் இப்போது பார்த்தால் வெடித்துக் கிடக்கிற பாத்தி என்று நினைத்துத் தண்ணீர் கட்டிவிடுவீர்கள். வீட்டுக்கு வந்ததும் தரையில் அப்படியே சாய்ந்துவிடுகிறேன். சிரிப்பதற்குக்கூட அலுப்பாக இருக்கிறது. இருந்தாலும் சிரித்து வைக்கிறேன், பழக்கம் விட்டுப் போய்விடக் கூடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரி ஜாஸ் விழா இந்த வருஷமும் நடந்துவிட்டது. உங்கள் பேண்டு செட் போயிற்று. நீங்கள் இல்லாமல்தான் போயிற்று. நானும் போனேன்.

என்ன, நம்புகிற மாதிரி இல்லையா? ஒவ்வொரு மே மாதமும் நீங்கள் வெள்ளைச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, நான் வாசலில் நின்று கிண்டல் பண்ணியதோடு சரி. கடற்கரைச் சாலையில் நம் பேண்டு செட் முன்னே நடந்தால்தான் விழா தொடங்கும் என்று நீங்கள் பீற்றிக்கொள்வீர்கள். வந்ததும் அந்த ஜாஸ் பாட்டைப் பற்றி ஒரு வாரம் பேசுவீர்கள். எழுதி வைத்ததை வாசிப்பதில்லையாம், ஒருத்தன் வாசித்து நிறுத்தினால் அடுத்தவன் அதைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டுமாம். "அப்படியா, அப்ப ஊட்டுல நான் கேக்கறதுக்கு மட்டும் ஏன் பதில் வர மாட்டேங்குது?" என்று நான் கேட்டதும், அறிவு சாப்பிட்ட சோறு மூக்கில் ஏறச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறதா?

இந்த வருஷம் விழா வேண்டாம் என்று சிலர் சொன்னார்களாம். விழா நடத்துகிற மதலேன் டீச்சர்தான் விடவில்லை. முதல் நாளை அலையில் போனவர்களுக்காக வைப்போம் என்று சொல்லி, கரையோரத்து பேண்டு செட்காரர்களை எல்லாம் தேடிப் போனார். நம் உப்பளத்துக்கே குடையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் வழுக்கி வழுக்கி வந்தார். கண்ணாயிரம் வருவாரா என்று என்னிடம் கேட்டார். அவரு திருப்பூருல பனியனைக் காவல் காக்கறாரு, அவரு இந்தப் பக்கம் வந்தா பனியன் எல்லாம் எழுந்து ஓடிப் போயிடும் என்றேன். பாவம், அந்த அம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பெரிய டிரம் ராமதாஸிடம், "அஞ்சலியா இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவனும் மண்டையை ஆட்டினான்.

அன்றைக்குச் சாயங்காலமே ராமதாஸ் வீட்டுக்கு வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, யாரு யாருக்கோ வாசிச்சோம். அறிவுக்கு வாசிக்கல. இத அவனுக்குன்னு வாசிக்கப் போறோம். நீங்களும் வரணும்" என்றான்.

அதற்குமேல் நான் என்ன சொல்ல முடியும்? சவுக்குத் தோப்போரத்தில் எல்லாரையும் ஒரே குழியில் போட்டு, நீங்கள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எல்லாம் தேடிவிட்டு ஓடிவருவதற்குள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். பேண்டு செட்டில் சைடு டிரம் அடித்த பிள்ளைக்கு ஒரு டிரம் சத்தம் இல்லாமல் போயிற்று. "எவன் செத்தாலும் ஊதுன வாயி, எம் புள்ளைக்கு ஊதலையே" என்று நீங்கள் சொன்னது ஒரு தடவைதான். அப்புறம் ட்ரம்பெட்டை லுங்கியில் சுற்றி உத்தரத்தில் மாட்டிவிட்டு, பொங்கல்கூட முடியாமல் பஸ் ஏறிவிட்டீர்கள்.

வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கடற்கரைச் சாலையில் எவ்வளவு ஜனம்! வெள்ளைக்காரர்கள், பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற தாத்தாக்கள், ஓட்டல்காரர்கள், பெரிய முதலியார்சாவடியில் தோல் வாத்தியம் செய்கிற பையன்கள், சுண்டல்காரர்கள். வருஷா வருஷம் வருகிறவர்களாம், ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கல்யாண வீடு மாதிரி கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று பேர் உங்களையும் கேட்டார்கள். சட்டையில்லாத ஒரு வெள்ளைக்காரர் கன்னத்தை உப்பி உப்பிக் காட்டி, எங்கே அவர் என்று கையால் கேட்டார். உங்கள் கன்னம் அவ்வளவு அழகு என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

ஊர்வலம் கிளம்பியது. ராமதாஸ் புதிதாக வாங்கிய பெரிய டிரம்மில் முதல் அடி அடித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் சாவு எடுக்கும்போது அடிக்கிற அதே ஆட்ட அடி. சிவஞானம் கிளாரினெட்டில் அதே குத்துப் பாட்டு. அஞ்சலி என்றால் இவர்களுக்கு வேறு என்ன தெரியும்? ஜனத்துக்குக் கேட்கவா வேண்டும்! வெள்ளைக்காரப் பெண்கள், காலேஜ் பையன்கள், ஓட்டல்காரர்கள், எல்லாரும் விசில் அடித்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். நல்லாத்தான் ஆடினார்கள், நம் தெருப் பிள்ளைகள் தோற்றார்கள். சாவுக்குத்தான் ஆடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

டீச்சர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். அவர் மெதுவான மாதா கோயில் பாட்டு ஏதோ எதிர்பார்த்திருக்கிறார். "ராமதாஸ், இது சோகமான நேரம்!" என்றார். ராமதாஸ் அடியை நிறுத்தாமலே, "அம்மா, எங்க சோகம் இப்படித்தாம்மா இருக்கும்" என்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் நின்றது. அதைப் பார்த்த டீச்சர் என் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த அம்மா கை பஞ்சு மாதிரி. என் கையைப் பிடித்ததும் உப்புத்தாள் மாதிரி இருந்திருக்கும்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊர்வலம் தெருமுனை தாண்டும்போது பொம்பளைகள் நின்றுவிட வேண்டும். குழிவரைக்கும் ஆம்பளைகள்தான். என் அம்மாவுக்கும் நான் தெருமுனையோடு நின்றவள். இங்கே தெருமுனை எங்கே இருக்கிறது? ஒரே நேரான சாலை. யாரும் நில் என்று சொல்லவில்லை, நானும் நிற்கவில்லை. வலது கைப்பக்கம் கடல் இருந்தது. அதைப் பார்க்காமல் ராமதாஸ் முதுகையே பார்த்துக்கொண்டு முழுசாக நடந்தேன்.

இப்போது சொல்லப் போவதை உட்கார்ந்து படியுங்கள். எனக்கு இந்தப் பக்கம் அந்தோணிசாமி பெண்சாதி ஆரோக்கியசெல்வி நடந்து வந்தாள். அலையில் வீடு போய், இன்னும் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவர்கள் குப்பத்து மாதா கோயிலில் வாசித்துவிட்டுக் கிளம்பும்போது, "டேய், ராத்திரி இங்கயே படு, காலைல பெரிய டிரம்ம எடுத்துக்கிட்டு வா" என்று நீங்கள் அறிவிடம் சொன்னீர்கள். காலையில் அலை வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் ஊரைவிட்டே போனீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? நான் ஒரு நாளாவது கேட்டேனா?

ஆரோக்கியசெல்வி நடந்துகொண்டே சொன்னாள். "அக்கா, அவன் மத்தியானமே எங்கிட்ட வந்துட்டான். 'சித்தி, நான் ராத்திரி இங்கதான். கேக்கு மீதி இருக்குமில்ல? அப்பா வேணாம்னா நீங்கதான் சொல்லி வெக்கணும்'னான். சாயங்காலம் அண்ணனே இங்க படுடான்னு சொன்னதும், என்னப் பாத்து கண்ணடிச்சான்க்கா. அண்ணன்கிட்ட இதச் சொல்லணும்னு இருந்தேன். அவரு மூஞ்சியப் பாத்து வாய் வரல."

கேட்டீர்களா? நீங்கள் சொல்லி அவன் தங்கவில்லை. கேக்குக்காகத் தங்கினான். அவன் பிறந்ததிலிருந்து என்றைக்கு உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறான், அன்றைக்கு மட்டும் கேட்பதற்கு? நீங்கள் வா என்று கையைப் பிடித்து இழுத்திருந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தங்கியிருப்பான். கண்ணடித்துவிட்டு நின்றானாம். அவனுக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு உப்பு வாருகிறேன்.

மேடைகிட்டே போய்ச் சேர்ந்தோம். குழிக்கரையில் நிறுத்துகிற மாதிரியே ராமதாஸ் டிரம்மை நிறுத்தினான். எல்லா வாத்தியமும் நின்றது. அந்த இடத்தில் ட்ரம்பெட் மட்டும் தனியாக ஒரு தடவை ஊத வேண்டும், அது உங்கள் வேலை. சிவஞானம் என்னைப் பார்த்துவிட்டு, நான் ஊதட்டுமா என்று கிளாரினெட்டைத் தூக்கினான். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன். மேடையில் ஒரு வெளிநாட்டுக்காரர் ட்ரம்பெட்டோடு உட்கார்ந்திருந்தார். இங்கே நிறுத்தினால் அங்கே பதில் சொல்ல வேண்டும் என்று அவர்கள் பழக்கம் இல்லையா, அவரும் வாயில் வைத்தார். அவரைப் பார்த்தும் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்ன நினைத்தாரோ, மெதுவாக மடியில் வைத்துவிட்டார். ஆடினவர்களும் நின்றுவிட்டார்கள். அவ்வளவு ஜனத்தில் ஒரு சத்தம் இல்லை. டீச்சர் கேட்ட அஞ்சலி அதுதான் போலிருக்கிறது.

வேன் ஏறும்போது டீச்சர் ஒன்று சொன்னார். இந்த ஜாஸ் பாட்டு பிறந்த ஊரில் சாவுக்குப் போகும்போது மெதுவாக, அழுகிற பாட்டு வாசிப்பார்களாம். அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பும்போதுதான் ஆட்டமாம். நமக்கு நேர் எதிர். நாம் ஆடிக்கொண்டு போகிறோம், வாயை மூடிக்கொண்டு வருகிறோம். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ரெண்டு ஊரிலும் போனவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். நீங்கள்தான் இன்னும் திரும்பவில்லை.

அந்தக் கடைசி ஊதலை யாருக்கும் கொடுக்கவில்லை, உங்களுக்காக வைத்திருக்கிறேன். விழாவுக்கு வர வேண்டாம், கூட்டத்துக்கு வர வேண்டாம். சவுக்குத் தோப்புக்கு நாம் மூன்று பேரும் போவோம். இந்தத் தடவை நான் தெருமுனையில் நிற்கப் போவதில்லை, சொல்லிவிட்டேன்.

இன்னொரு சேதி. உப்புக் காற்றில் ட்ரம்பெட் பச்சை பிடித்துவிட்டது. உத்தரத்திலிருந்து இறக்கி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். பொத்தான் மூன்றும் அமுங்கவில்லை என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். நன்றாகவே விட்டேன். இப்போது மூன்றும் ஒரேயடியாக ஒட்டிக்கொண்டு அசைய மாட்டேன் என்கிறது. அதில் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது என்று நீங்கள் நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள் என்று பிரியா இப்போதுதான் சொல்கிறாள். சிவஞானம் சரி பண்ணித் தருகிறேன் என்றான். நான் கொடுக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அம்மன் உங்களைப் பத்திரமாக பஸ் ஏற்றிவிடட்டும். வந்து என்னைத் திட்டுங்கள். இந்த வீட்டில் யாரும் என்னைத் திட்டி ரொம்ப நாள் ஆகிறது.

இப்படிக்கு,
அறிவு அம்மா
பாஞ்சாலை