இடது டாங்க்

09.10 – வழக்கமான பதிவு
சனிக் கோளின் நிலவான டைட்டன், பயிற்சி நிலையம். மாணவி விமானி இசக்கியம்மாள், தனியாக மூன்றாவது பறப்பு. இங்கே எரிபொருள் காற்றிலேயே இருக்கிறது. எரிப்பதற்கான ஆக்சிஜனைத்தான் சிறகுகளில் இரண்டு டாங்க்குகளில் சுமக்கிறோம். இடது டாங்க் தீருமுன் டாங்க் மாற்றும் கைப்பிடியை வலப்பக்கம் திருப்ப வேண்டும். என்ஜின் சீராக ஓடுகிறது. மீத்தேன் ஏரிமேல் மூடுபனி.

10.02 – அவசரத் தரையிறக்கம்
என்ஜின் நின்றது. மூக்கைத் தாழ்த்திச் சறுக்கி, ஏரிக்கு அப்பால் மணல்மேட்டில் இறக்கிவிட்டேன். ஒரு கீறல் இல்லை. அப்புறம்தான் பார்த்தேன், கைப்பிடி இடப்பக்கமே இருந்தது. ரேடியோவில் அதைச் சொல்லவில்லை. "என்ஜின் கெளம்ப மாட்டேங்கு சார்" என்றேன். பயிற்சியாளர் ஜெபராஜ் சார், நல்லபடியாக இறக்கியிருக்கிறாய் என்று பாராட்டினார்.

10.20
போன வருடம் இதே தப்பைச் செய்த தங்கசாமிக்கு 'ஒத்த டாங்க்' என்று பெயர் வைத்தவளே நான்தான். இன்றைக்கும் மெஸ்ஸில் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.
கைப்பிடியைத் திருப்பி ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடுகிறது. பறந்து திரும்பினால் பொய் தெரிந்துவிடும். உடனே அணைத்துவிட்டேன். ஹீட்டர் மட்டும் பாட்டரியில் ஓடுகிறது.

11.05
என் பேச்சை நம்பி, இதே என்ஜின் உள்ள எல்லா விமானங்களுக்கும் நிலையம் தடை போட்டுவிட்டது. மீட்பு விமானமும் அதே ரகம். அதனால் சார் பனிவண்டியில் ஏரிக்கரை வழியாக வருகிறார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குளிர்கிறதா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். சீ, நானும் ஒரு மனுஷியா!

12.40
கரை உடைந்து வண்டி ஏரிக்குள் இறங்கிவிட்டது. சார் கூரைமேல் நிற்கிறார். உடையில் ஒரு மணி நேரத்துக்குத்தான் காற்று. நிலையத்திலிருந்து இன்னொரு வண்டி வர இரண்டு மணி நேரமாகும். நான் பறந்தால் பத்து நிமிடம்.
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கைப்பிடி, பொய், எல்லாம். சார் தன் உடை ரேடியோவில் பேசினார்.
"சரிம்மா. அதப் பொறவு பேசிக்கிடுவோம். நீ கெளம்பி வா."
திட்டியிருக்கலாம்.

12.44
சாவியைத் திருகினேன். டக். அவ்வளவுதான். ஹீட்டர் பாட்டரியைத் தின்றுவிட்டது.
மறுபடி திருகினேன். அந்த டக்கும் இல்லை.

12.46
ரேடியோவில் மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. கெளம்பிட்டியாம்மா என்று கேட்கிறார். இதை எடுத்துப் படிப்பவர்களே, நான் இப்போது சொல்ல வேண்டியது காலையில் சொன்ன அதே வார்த்தை. இந்த முறை அது உண்மை. எந்த வாயால் சொல்வேன்

திரும்பவும் கேட்கிறார்