ஊஞ்சல் மயில் முடியாத காரணம்

மழை பொய்க்காத மலைகளும் சொல் பொய்க்காத குடிகளும் உடைய முகில்மலை நாட்டின் வேந்தர், கணவாய்களின் காவலர், மாவேள் திருமலியாரின் திருமுன்புக்கு, பொன்னெயில் நாட்டு மூத்த அமைச்சன் ஆலங்கீரன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குடையும் குடியும் ஓங்குக. இங்கே எங்கள் அரசியார் நலம். இளவரசி நன்முகை நலம். தங்கள் திருமகன் பரிதிவேள் மிக மிக நலம். நலமாக இல்லாதவன் நான் ஒருவனே.

மணமகன் தன் கையால் சித்திரம் தீட்டிய ஊஞ்சலில்தான் மணமகள் அமரவேண்டும் என்ற தங்கள் நாட்டு வழக்கத்தை எங்கள் அரசியார் மகிழ்ந்து ஏற்றார். அதற்காக இங்கு வந்த தங்கள் இளவரசர் பேழை நிறையத் தங்கத் தகடு கொண்டுவந்தார். மரம் தேய்க்க சொரசொரப்பான பராய் இலை ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. வந்த அன்றே, எண்ணெய் ஊறிய பழைய ஊஞ்சல் பலகையில் எடுத்த எடுப்பிலேயே தோகை விரித்த மயிலைத் தீட்டத் தொடங்கிவிட்டார். மறுநாள் ஆசையாக அமர்ந்து எழுந்த அரசியாரின் பட்டோடு பாதி மயில் வந்துவிட்டது. எங்கள் சித்திரக்காரர் வெண்காடர், இளவரசே, சாயம் மரத்தைப் பிடிக்கும், எண்ணெயைப் பிடிக்காது என்று பணிவாகச் சொன்னார். பணிவு சொல்லில் இருந்தது, முகத்தில் இல்லை.

பிறகு சிறிய முக்காலி ஒன்றைக் கொடுத்து முறைப்படி தொடங்கவைத்தோம். பழைய மெருகைச் சுரண்டி, பராய் இலையால் தேய்த்து, புளியங்கொட்டைப் பசையில் குழைத்த சுண்ணப் பூச்சிட்டு, அது காயும்வரை கையைக் கட்டிக்கொண்டிருந்து, கரியால் கோடிழுத்துச் சாயம் தீட்டி, முடிவில் குங்கிலிய மெருகும் ஏற்றினார். அந்த முக்காலியில் பூத்த அல்லியைக் கண்டு வெண்காடரே அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து வியந்தார். இனிக் கவலையில்லை என்று நானும் மணநாள் குறிக்கச் சொன்னேன்.

அங்கேதான் ஏமாந்தேன். அதே கை ஊஞ்சலுக்கு வந்ததும் மயில் முடியவே இல்லை. கழுத்து காயவில்லை என்றார். தோகை சரிந்தது என்றார். பூச்சு வெடித்தது என்றார். பொறுக்கமாட்டாமல் நேற்று உச்சிப்பொழுதில் சொல்லாமல் உள்ளே சென்றேன். தங்கள் மகன் நீர்க்கிண்ணம் ஏந்தி நிற்க, எங்கள் இளவரசி ஈரத்துணியால் மயிலின் கழுத்தை அழித்துக்கொண்டிருந்தார்.

காரணம் கேட்டேன். ஊஞ்சல் முடியும்வரை மணமகள் அருகிருந்து நிறம் சொல்லலாமாம். முடிந்துவிட்டால் ஒரு திங்கள் இருவரும் முகம் பார்க்கக்கூடாதாம். இதுவும் தங்கள் நாட்டு வழக்கமாமே. இளவரசர் தலைகுனிந்தார். இளவரசி குனியவில்லை. அமைச்சரே, தாங்கள் துணைவியாரைப் பாராமல் ஒரு திங்கள் இருந்திருப்பீர்களா என்று என்னையே கேட்டார். அதைக் கேள்விப்பட்டதுமுதல் என் மனைவி சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

கார்மழை தொடங்கினால் சாயமும் காயாது, தங்கள் கணவாய்களிலும் வழி இராது. மணம் தைக்குத் தள்ளிப்போகும். அதுவரை இந்த மயிலைக் காக்க என்னால் ஆகாது. வழக்கம் தங்களுடையது, அதை விலக்கும் உரிமையும் தங்களுக்கே உரியது. ஆகவே அந்த ஒரு திங்கள் பிரிவை இவ்விருவர்க்கேனும் நீக்கி மறுமொழி அருளுமாறு எங்கள் அரசியார் வேண்டுகிறார். மறுமொழி வந்த அன்று மாலையே மயில் முடியும் என்று தங்கள் மகன் வாக்களித்திருக்கிறார். அந்த வேகம் அவருக்கு உண்டு என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

அரசியார் முன்னிலையில் பொன்னெயில் இலச்சினை இடப்பட்டது. ஓலை கொணர்பவனுக்கு விருந்து வைத்து நேரம் போக்கவேண்டாம். சோறு கட்டிக்கொடுத்து உடனே திருப்பி அனுப்புக.