கம்பளை வீட்டுச் சீனிப் போத்தல்

கண்டி,
23.06.2025

மகள் சஞ்சீவனிக்கு,

அன்புள்ள என்று எழுதிப் பிறகு வெட்டிவிட்டேன், வெட்டியது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை. நானும் உன் தங்கச்சியும் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டிய அவசியம் எனக்கில்லை, மெல்பர்னில் உன் குசினியில் மையால் மீசை வரைந்துகொண்டு தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு என்னைப் போல நீ ஆடுகிற ஆட்டத்தை நாலு இலட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம், அந்த உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது. இந்தக் காலத்தில் அப்பா ஏன் போன் எடுக்காமல் தாளும் பேனையுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று யோசிப்பாய். போனில் பேசினால் நீ பதிவு பண்ணுகிறாய். நான் இருமினால்கூட அடுத்த வாரம் அது ஊர் சுற்றுகிறது. தாளில் எழுதினால் நீ வாயை மூடிக்கொண்டு வாசித்துத்தான் ஆகவேண்டும். முடிந்தால் இதையும் நடித்துப் பார்.

எனக்கு இந்த விசயம் எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வைகாசியில் ஒரு நாள் இரண்டு பெண் பிள்ளைகள் கடைக்கு வந்து இடியப்பச் சட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள், நானும் மூடியோடு விலை சொன்னேன். மூடி எதுக்கு அங்கிள் என்று ஒருத்தி கேட்டாள், கேட்டுவிட்டு மற்றவளைப் பார்த்துச் சிரித்தாள், அவள் போனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். மூடி இல்லாமல் சட்டி வாங்கினால் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டிவரும் என்று நான் சொல்ல வேண்டுமாம், அதற்காகவே வந்தார்களாம். சட்டியும் வாங்கவில்லை, மூடியும் வாங்கவில்லை. முப்பத்தொரு வருடமாகக் கொழும்பு வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன், வாங்க வந்தவர்கள் சிரித்துவிட்டு வாங்கிப் போவார்கள், சிரிக்க மட்டும் வந்தவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் புடவைக்கடை மஹ்மூத் நானா உன் வீடியோவைத் தன் போனில் காட்டினார். "ஒங்கட மகள் நல்லாத்தான் செஞ்சிருக்கா, கோவிக்காமப் பாருங்க" என்று சொல்லித்தான் காட்டினார். அப்பாவின் பொன்மொழிகள் என்று பெயர் வேறு. அதெல்லாம் பொன்னுமில்லை மொழியுமில்லை, எதிரே நிற்கிற ஆளைப் பார்த்து அந்த நேரத்துக்கு வாயில் வந்தது, அந்த ஆள் போனதும் அதுவும் போய்விட வேண்டும். நீ அதைப் பிடித்துப் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறாய். அதிலும் பாதி என்னுடையது இல்லை. குடையில்லாமல் கண்டி டவுனுக்குப் போகிறவனுக்கு வைத்தியமும் பார்க்கக் கூடாது பெண்ணும் கொடுக்கக் கூடாது என்றது உன் அம்மா, நீ மூன்றாம் வகுப்பில் நனைந்து வந்து காய்ச்சலில் கிடந்தபோது உனக்கு ரசம் ஊட்டிக்கொண்டே சொன்னாள். உனக்காகச் சொன்ன வார்த்தை, அதைக்கூட யார் சொன்னது என்று உனக்கு ஞாபகமில்லை, எனக்கு மீசை வரைந்து என் வாயில் போட்டுவிட்டாய்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொறுக்க முடியாதது அந்தச் சீனிக் கதை. கம்பளைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் உன் அம்மாவிடம் சொன்னது, ஒங்க அண்ணன் வீட்டு டீயில சீனி போட்டாங்களா இல்ல சீனிப் போத்தலப் பக்கத்துல வச்சு வாசம் மட்டும் காட்டுனாங்களா என்று. வீட்டுக்குள் சொன்ன பேச்சு. பதினாலு வருடமாகச் சொன்னேன், ஒவ்வொரு முறை கம்பளை போய் வந்தபோதும் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. நீதான் தாண்ட வைத்தாய். பெயர் சொல்லவில்லையே என்று உன் தங்கச்சி அனுஷியாவிடம் வாதாடினாயாம். கம்பளை மார்க்கட்டில் வெங்காயம் மொத்தமாகப் போடுகிற மாமா என்று சொன்ன பிறகு பெயர் எதற்கு, அடையாள அட்டை இலக்கத்தையும் சொல்லியிருக்கலாமே. இப்போது அவர் மார்க்கட்டுக்குள் நுழைந்தால் மூட்டை தூக்குகிறவர்கள் சிரிக்கிறார்களாம். டீக்கடைக்காரன் கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மொதலாளி, போடவா காட்டவா" என்று கேட்டானாம். உன் மாமா வீரசிங்கம் கோப்பையைத் தொடாமல் எழும்பிப் போனவர்தான், மூன்று வாரமாகக் கடையைத் திறக்கவில்லை. கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார், எனக்கு நேரே ஒரு வார்த்தை பேசவில்லை.

உனக்கு இது விளங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை, நீ உன் கலியாணத்தை ரெஜிஸ்டர் பண்ணிக்கொண்டு போட்டோ அனுப்பினவள். பெரஹராத் திருவிழா முடிந்து ஆவணி பிறந்ததும் உன் தங்கச்சிக்குக் கலியாணம். தாய் இல்லாத பிள்ளை. நெற்றிப் பட்டம் கட்டி, மாலை போட்டு, மணவறைக்குக் கைபிடித்துக் கூட்டிவர அம்மா பக்கத்தில் அவளுக்கு இருக்கிற ஒரே ஆள் தாய்மாமன்தான். அழைப்பிதழில் பெயர் அடித்தாயிற்று. மாத்தளைச் சம்பந்தி வீட்டார் மாமன் எங்கே என்று கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன், நீ வரைந்த மீசையோடு இருக்கிறதே அந்த முகத்தையா. அனுஷியா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள், மாமா கையைப் பிடிக்காமல் மணவறைக்கு வரமாட்டாளாம். அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை, சொல்லிவிட்டுப் போய் உடுப்புத் துவைத்தாள். அப்படியே உன் அம்மா.

ஆகவே நேற்று ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கு தேங்காய் பழம் எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நான் தனியே கம்பளைக்குப் போனேன். வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. உன் மாமா கதிரையில் உட்கார்ந்து, போடாத டீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை மேசையில் வைத்தேன், அவர் திரும்பவில்லை. மச்சான், பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது, நான் பேசினது தப்பு என்று சொன்னேன். இந்த வயதில் இன்னொரு மனிதனின் வீட்டு நடுவில் நின்று அதைச் சொல்ல எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உன் நாலு இலட்சம் பேரிடம் கேட்டுப் பார். வடிவம்மா அத்தை உள்ளே போய் ஒரு பிளேன்டீயைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். பிறகு திரும்பிப் போய் சீனிப் போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், அந்தப் பெரிய கண்ணாடிப் போத்தல், வாய் முட்ட நிறைந்த சீனி, அதற்குள்ளே கறிக்கரண்டி ஒன்று. உன் மாமா அப்போதுதான் வாய் திறந்தார். "போட்டுக்குங்க மச்சான், ஒங்களுக்குப் போதும்ங்கிற வரைக்கும் போட்டுக்குங்க" என்றார். எனக்குச் சீனி வருத்தம், இரத்தத்தில் சீனி கூடின ஆள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். இதுதான் தண்டனை என்றால் குடித்துவிட்டுப் போவோம், பிள்ளை கலியாணம் நடக்கட்டும் என்று நினைத்து இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன். கறிக்கரண்டியில் இரண்டு. கலக்கிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது வடிவம்மா அத்தை ஓடிவந்து கையிலிருந்து பறித்துவிட்டாள். பாதி டீ என் வேட்டியில் கொட்டிவிட்டது. "குடிக்காதீங்க அண்ணே, நான் கஜலட்சுமிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்று உன் அம்மாவின் பெயரைச் சொல்லி அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை எழுதத்தான் இந்தத் தாள். பதினாலு வருடத்துக்கு முன்னால் எனக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன அந்தக் கிழமையே உன் அம்மா அவர்களுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். அவருக்கு வீட்டில் நான் குறைத்துக் குறைத்துப் போடுகிறேன் அண்ணி, வெளியில் போனால் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறார், சொன்னால் சண்டைக்கு வருகிறார், நீங்கள் அரைக் கரண்டிக்கு மேல் போடாதீர்கள், நான் சொன்னதாக மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது என்று. நம் சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் இப்படிச் சொல்லியிருக்கிறாள் மகள். பன்விலை வீட்டுக்குச் சொன்னாள், மடுல்கெல்லை வீட்டுக்குச் சொன்னாள். வந்த மாப்பிள்ளைக்கு வெறும் டீ கொடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவர்களெல்லாம் மூன்று கரண்டி போட்டு நுரை தள்ள ஆற்றித் தந்தார்கள், நான் அவர்களைத்தான் நல்ல மனிதர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் பேச்சைக் கேட்டது உன் மாமா வீடு ஒன்றுதான். கஞ்சப்பிசினாறி என்ற பெயர் வரும் என்று தெரிந்தே கேட்டார்கள். நான் சொன்ன கதையை உன் அம்மாவே அவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள், இன்றைக்கும் ஒங்க டீயைப் பழித்தார் அண்ணி, நல்லாப் போட்டிருக்கீங்க போல என்று. அவள் செத்து மூன்று வருடமாகியும் அவர்கள் அந்த வாக்கை விடவில்லை. வருடப்பிறப்புக்குப் போனபோதும் அரைக் கரண்டி டீதான், நானும் அனுஷியாவிடம் அதே கதையைச் சொன்னேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன், தப்பித்தேன் என்று நினைக்காதே. அந்த வார்த்தையைச் சொன்ன முட்டாள் நான், அதை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அது என் பாடு. வீட்டுக்குள் கிடந்ததைத் தூக்கி மார்க்கட்டில் வைத்தவள் நீ. உன் மாமா இறங்கி வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "நீங்க குடுக்குற தட்டு எனக்கு வேணாம் மச்சான், சொன்ன புள்ள வந்து குடுக்கட்டும்" என்றார். தட்டைத் திருப்பி என் கையில் தந்துவிட்டார், வடிவம்மா அத்தை தேங்காயை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த மரியாதை. லீவு இல்லை, பத்து நாள்தான் வரலாம், நேரே கலியாணத்துக்கே வருகிறேன் என்ற கதை இனி வேண்டாம். ஆடிக்கு முன்னால் வா. கட்டுநாயக்காவில் பிளேன் இறங்கினால் கண்டிக்கு வராதே, நேரே கம்பளைக்குப் போ, நான் தட்டோடு அங்கே பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். உள்ளே வரமாட்டேன். நீயே போய், நீயே சொல்லி, நீயே கொடு. டீ வைப்பார்கள். போத்தலும் வைப்பார்கள். அதை எப்படிக் குடிப்பது என்று உன் இஷ்டம். மாமா வந்தால் உன் தங்கச்சி மணவறையில் இருப்பாள், வராவிட்டால் கலியாணத்துக்கென்று நீ வாங்கிய பட்டுச் சேலையை நீயே கட்டிக்கொண்டு அடுத்த வீடியோவை எடு.

கோபத்தோடு கொடுத்தாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான் என்பதால் கொடுக்கிறேன், பிள்ளையார் உனக்கு நல்ல புத்தியும் நல்ல சுகமும் தரட்டும், மருமகனுக்கும் தரட்டும், அந்த ஆள் பாவம், கமராவைப் பிடிக்கிறது அவர்தான் என்று அனுஷியா சொன்னாள். ஒரு விசயம் மறக்காதே. அந்தச் சீனிக் கதை வீடியோவைக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அழித்துவிடு. ஆனால் அதன் கடைசியில், நான் எப்போதோ வீட்டில் அதைச் சொன்னபோது நீ ஒளித்துப் பிடித்த குரலைப் போட்டிருக்கிறாய், நான் சொல்லி முடிக்க முதலே பின்னால் உன் அம்மா சிரிக்கிறாள். மஹ்மூத் நானாவின் கடையில் அதைக் கேட்டதும் போனை அவர் கையில் திணித்துவிட்டு வந்துவிட்டேன், செத்தவளைக் கூட விடவில்லையே என்று அன்றைக்கு மனதுக்குள் உன்னைத் திட்டாத திட்டில்லை. இத்தனை வருடமும் அவள் என் பேச்சுக்குச் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அழிப்பதற்கு முன்னால் என் குரலை வெட்டிவிட்டு அவள் சிரிப்பை மட்டும் அனுஷியாவின் போனுக்கு அனுப்பு, இனிமேல் எதற்குச் சிரித்தாள் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உன் அப்பா
மோகனராஜ்